அதே லாரி, புதுப் பெட்டி

என் மனைவி லாரி ஓட்டுவாள். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு, டிவிக்குள் ஓடும் ஏதோ ஒரு குளிர் தேசத்து ரோட்டில் பெரிய லாரியை ஓட்டுவாள். நான் மாட்டுத் தீவனக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. காலையில் வண்டியை எடுத்தால் அய்யலூர், சேவுகம்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று ஏதாவது ஒரு திசையில் போய், உடம்பெல்லாம் புழுதியோடு திண்டுக்கல் திரும்புகிறவன். நாளெல்லாம் ரோட்டில் கிடந்துவிட்டு வந்தால் வீட்டுக்குள்ளும் ஒரு ரோடு. "வந்துட்டீங்களா? செத்த நேரம் இருங்க, இந்த லோடை எறக்கிட்டு வாரேன்" என்பாள். லோடு இறங்கினால்தான் எனக்குக் காப்பி.

அவள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். சுகர் இருபது வருடமாக உண்டு. அது கண்ணில் போய் உட்கார்ந்ததும் வேலையை விட வேண்டியதாயிற்று. சும்மா இருந்து பழக்கமில்லாதவள், வீட்டிலிருந்த ஆறு மாதத்தில் என்னைக் கணக்குப் பாடம்போலத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் அவள் அண்ணன் மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான். தன்னுடைய வீடியோ கேம் பெட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்து, "அத்தை, இதுல ஒரு லாரி கேம் இருக்கு. சண்டை கிடையாது, சாவு கிடையாது, ஓட்டிக்கிட்டே இருக்கலாம்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து எனக்கு விடுதலை.

எங்கள் டிவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கி ஏழு வருடம் ஆகிறது. வந்த அன்று அதன் திரைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. மாட்ட வந்தவர் ஓரத்தைப் பிடித்து உரிக்கப் போனார். நான்தான் தடுத்தேன். "இருக்கட்டுங்க, புதுசு கீறல் விழுந்துரும்." எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கம். வண்டி சீட்டின் பாலித்தீன் அதுவாகக் கிழிந்து தொங்கும்வரை இருக்கும். ரிமோட்டுக்கு ஒரு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒரு உறை. வாங்கிய பொருளை வாங்கியபடியே வைத்திருப்பதில் எனக்கு ஒரு பெருமை. நான் பார்க்கப் போகும் வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும். அதனால் யாரும் சிரித்ததில்லை.

நாளாக ஆக அந்தத் தாளுக்கும் திரைக்கும் நடுவே காற்று புகுந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஓரம் சுருண்டது. அடுப்படிப் புகையும் தூசியும் சேர்ந்து படம் கொஞ்சம் பழுப்பாகவே தெரியும். அவள் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் கேட்டாள்.

"என்னங்க, டிவி மங்கலாத் தெரியுதே. உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. மேல கவர் இருக்குல்ல."

"உரிச்சிருவமா?"

"சும்மா கெட. இருக்குறது பாட்டுக்கு இருக்கட்டும்."

பிறகு இரண்டு மூன்று முறை கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டில் மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் சரியான விடையை அவள் அடித்துவிட, ஒரு பிள்ளை அழுதபோதுதான் மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்கு ஓடினோம். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். "ஏம்மா, இம்புட்டு லேட்டா வாரீங்க? முன்னாடியே மங்கலாத் தெரிஞ்சிருக்கணுமே" என்று கேட்டார். "டிவி மட்டுந்தான் சார் மங்கலாத் தெரிஞ்சுச்சு" என்றாள் அவள். நான் பக்கத்து ஸ்டூலில் ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தாளை உரித்திருக்க வேண்டும். உரிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லேசர் வைத்தார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஊசி என்றதும் நான்தான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய் வந்தாள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், தவறாமல் வந்து காட்டுங்கள் என்றார்கள். ஒரு வருடம் தவறாமல் போனோம். அப்புறம், "எனக்கு நல்லாத்தான இருக்கு. லாரி ஓட்டலையா நானு? அடுத்த மாசம் பாத்துக்குவோம்" என்று தள்ளிப்போட ஆரம்பித்தாள். மதுரை போனால் ஒரு நாள் வேலை போச்சு, கால் கடுக்க வரிசையில் உட்கார வேண்டும், சொட்டு மருந்துக்காக இரண்டு மணி நேரம், பஸ்ஸில் அவளைக் கைபிடித்து ஏற்ற வேண்டும். எனக்கும் அலுத்துப்போயிருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. சரி, அவளே நன்றாக இருக்கிறது என்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இப்படியாக அந்த லாரிதான் எங்கள் வீட்டுக் கண் பரிசோதனை ஆனது. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றும்போதே ஓரக்கண்ணால் டிவியைப் பார்ப்பேன். லாரி ரோட்டில் ஒழுங்காகப் போனால் அவள் கண் ஒழுங்காக இருக்கிறது. அன்றைக்கு இட்லி கூட ருசியாக இருக்கும்.

போன வருடம் மழைக்காலத்தில் லாரி மோத ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது. பிறகு வளைவுக்கு ஒரு தடவை. தடுப்புச் சுவரில் உரசும், முன்னால் போகும் காரை முட்டும். "சனியன், குறுக்க வந்துட்டான்" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டிவியிலிருந்து கண்ணை எடுத்துவிடுவேன். மனுஷனாக இருந்தால் மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். எனக்குப் பயம். அந்த டாக்டர் வாயால் ஒன்றைக் கேட்டுவிட்டால் அப்புறம் கேட்காததுபோல இருக்க முடியாது. அதனால் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெட்டி பழசாகிவிட்டது. படம் சரியில்லை. அதுதான் காரணம்.

அந்த நேரத்தில்தான் அதே பெட்டியில் 'ப்ரோ' என்று ஒன்று வந்திருப்பது தெரிந்தது. முற்றிலும் புதிதல்ல. அடுத்த தலைமுறைப் பெட்டி வர இன்னும் வருடங்கள் ஆகுமாம். அதற்கு நடுவே, இருப்பதையே கொஞ்சம் தட்டிக்கொட்டி, படத்தைக் கூர்மையாக்கி, வேகத்தைக் கூட்டி விற்கிறார்கள். கேம்களெல்லாம் அதேதான். போனில் இதைப் பற்றி எத்தனை பேர் பேசிய வீடியோக்களைப் பார்த்தேனோ எனக்கே தெரியாது. வாங்கலாமா வேண்டாமா என்று ஆளாளுக்கு மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பாதிப் பேர் புல்லின் நுனியைப் பெரிதாக்கிக் காட்டி, பாருங்கள் வித்தியாசத்தை என்கிறார்கள். மீதிப் பேர் அதே புல்லைக் காட்டி, வித்தியாசமே இல்லை என்கிறார்கள். தீவன மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒட்டன்சத்திரத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, மாடு அதே மாடுதானுங்களே. கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சுட்டா பாலு சேத்திக் கறக்குமுங்களா?" என்றார். தீவனம் விற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது. எரிச்சலாக வந்தது.

அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன்.

"வேணாம் மாமா. பழசு வச்சிருக்கவங்களுக்கு அது வேஸ்ட். அத்தை ஓட்டுற அந்த லாரி கேமுக்கெல்லாம் பெரிய மாத்தம் தெரியாது. பொறுத்திருந்து அடுத்தது வரட்டும், நானே வாங்கிட்டு வாரேன்."

பொறுத்திருந்து என்றான். அவனுக்கு என்ன, கண் நன்றாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் இரண்டு பெட்டிகளையும் இரண்டு டிவியில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரே கார், ஒரே தெரு, ஒரே மழை. நான் வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டியபிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. தண்ணீரில் விளக்கு வெளிச்சம் கொஞ்சம் துல்லியமாக விழுந்திருந்தது. அவ்வளவுதான். அவரும் நல்ல மனுஷர். "வீட்டுல பழசு இருந்தா அவசியமில்ல சார். மொதத் தடவையா வாங்குறவங்க வேணும்னா இதைப் பாக்கலாம்" என்றார்.

"கண்ணு செத்த கம்மியாத் தெரியுறவங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "படம் தெளிவா இருக்கும் சார்."

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். பில் போடச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை கொண்டுவந்த பெட்டியை அன்றே பிரிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டு பேரும் நின்று ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். வீடியோ கேமுக்கு ஜெபமா என்று கேட்காதீர்கள். கிரைண்டருக்கும் சொன்னோம், மோட்டாருக்கும் சொன்னோம். ஆனால் அன்றைக்கு நான் கேட்டது பெட்டிக்காக இல்லை.

அட்டையைப் பிரித்து எடுத்துக் கொடுத்ததும் அவள் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். சுற்றிலும் விரலை ஓட்டினாள். மேலே, பக்கவாட்டில், வயர் சொருகும் துளைகள் ஒவ்வொன்றிலும்.

"பழசைவிட கனமா இருக்கு. இம்புட்டு எதுக்குங்க வாங்குனீங்க?"

"உனக்குப் படம் நல்லாத் தெரியட்டும்னுதான்."

அவள் என் கையைத் தேடிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மட்டன் குழம்பைப் பார்க்கப் போனாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டினேன். உடனே ஓட்டலாம் என்று நினைத்த எனக்கு முதல் அடி. லாரி கேமைத் திரும்பவும் இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டுமாம். நீலத் திரையில் ஒரு கோடு, எறும்பு ஊர்வதைவிட மெதுவாக நகர்ந்தது. பின்னணியில் மெல்லிய இசை. அவள் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டாள். எனக்கு அந்த நீலமே பழைய நீலம் மாதிரிதான் இருந்தது. கொப்புளம் கொப்புளமாக, பழுப்பாக. அண்ணன் மகனை வீடியோ காலில் பிடித்து, போனை டிவிக்கு நேராகத் திருப்பினேன்.

"பாரு, என்னத்த தெளிவு? கடையில பாத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஏமாத்திட்டாங்க."

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "மாமா, டிவி மேல அது என்ன? வாங்குனப்ப ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கா?"

நான் டிவி கிட்டே போய் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னுமா மாமா உரிக்கல?" அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதை மொதல்ல உரிங்க. பழைய பெட்டியே பளிச்சுன்னு தெரியும்."

போனை வைத்துவிட்டேன். முகம் சூடாக இருந்தது. ஏழு வருடம் காத்து வைத்த அந்தத் தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். டர்ரென்று வீடு முழுக்கக் கேட்கிற சத்தத்தோடு முழுசாகக் கழன்று வந்தது. அடியில் கண்ணாடி வாங்கி வந்த அன்றிருந்ததுபோல வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. நீலம் அப்படியே எழுந்து முகத்தில் அடித்தது. அடடா என்று இருந்தது எனக்கு. இவ்வளவு வெளிச்சமா இதற்குள் இருந்தது!

"இப்பப் பாரு" என்றேன், தாளைச் சுருட்டிக்கொண்டே.

"அட, ஆமாங்க" என்றாள் அவள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ரோடு என்னமா தெரியுது! ஓரத்துல மரத்துல எலை எலையாத் தெரியுதே."

நான் திரும்பி டிவியைப் பார்த்தேன். ரோடு இல்லை. மரம் இல்லை. நீலத் திரையும், பாதி தூரம்கூட வராத அந்தக் கோடும்தான் இருந்தன. அவள் அந்த நீலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் கன்ட்ரோலரில் தயாராக இருந்தது.

சும்மா இருந்திருக்கலாமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அப்போது அதற்கெல்லாம் நேரம் இல்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"கேம் இன்னும் ஏறவே இல்லப்பா."

சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாத பாத்திரம் மாதிரி. பிறகு கன்ட்ரோலரை மடியில் வைத்தாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"மழைக்கு முன்னாடியிருந்து. வெளிச்சம் தெரியுது. ஆள் வந்தா நிழல் தெரியுது. நீங்க வந்தா வண்டிச் சத்தம்."

"அப்ப லாரி?"

"ரோட்டை விட்டு எறங்குனா கையில கிர்ருங்கும். இடப்பக்கம் எறங்குனா இடது கையில, வலப்பக்கம்னா வலது கையில. திருப்பிக்குவேன். அந்த ஒரே ரோடுதான் ஓட்டுறது. பாலம் வந்தா சத்தம் மாறும். மத்தவன் வந்தாத்தான் முட்டிருது."

கணக்கு டீச்சர். ஒரு மலைப்பாதையைக் கைக்குள் வாய்ப்பாடாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்று தினமும் இட்லி தின்றிருக்கிறேன்.

"மதுரைக்கு ஏன் வரமாட்டேன்ன?"

"போனா சொல்லிருவாங்கல்ல."

அதையேதான் நானும் நினைத்திருந்தேன். ஒரே வீட்டில், ஒரே பயத்தை, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருந்திருக்கிறோம். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. யார்மேல் படுவது? கையில் சுருட்டிய பிளாஸ்டிக் இருந்தது. அதை எங்கே போடுவது என்றுகூடத் தெரியாமல் சமையல்கட்டு வரை போய்த் திரும்பி வந்தேன். அலுப்பு என்றால் அன்றைக்கு வந்ததுதான் அலுப்பு. ஐம்பது கிலோ மூட்டையைத் தோளிலிருந்து இறக்கியபிறகும் எடை தோளிலேயே நிற்குமே, அந்த மாதிரி.

"நாளைக்கு விடியக்காலம் மொத பஸ்ஸு" என்றேன். "சரி" என்றாள்.

நாலு மணிக்குக் கேம் ஏறி முடிந்தது. அணைத்துவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? வாங்குனது வாங்குனதுதான். நீங்க பக்கத்துல ஒக்காருங்க, வண்டி வந்தா மட்டும் சொல்லுங்க" என்றாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கிளீனர் வேலை. லாரி கிளம்பியது. "எதுத்தாப்புல ஒரு காரு. இடது வாங்கு. இன்னும் கொஞ்சம். ம், போயிருச்சு." அவள் வாங்கினாள். உரசவில்லை. அந்த ரோட்டை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். உண்மையிலேயே ரோட்டோரம் மரங்கள் இருந்தன. உண்மையிலேயே இலை இலையாகத் தெரிந்தன. அவள் பொய் சொல்லவில்லை. எப்போதோ பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறாள்.

பாலம் வந்தது. சத்தம் மாறியது. அவள் வேகத்தைக் குறைத்தாள். கண் டிவியைப் பார்த்தபடியே இருக்க, சாதாரணமாகக் கேட்டாள்.

"என்னங்க, உங்களுக்கு எப்படித் தெரியுது?"

எனக்கும் அப்படித்தான் தெரியுது என்ற பதில் வாய்வரை வந்துவிட்டது. ஏழு வருடத்துப் பழக்கம். விழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெளிவாத் தெரியுதுப்பா" என்றேன்.